இரண்டு தின்னவேலி

கேள்வி: இலங்கையிலும் ஒரு திருநெல்வேலி இருக்கிறதாமே! எது அசல், எது நகல்?
- வாசகர், பாளையங்கோட்டை

பதில்: நகல் என்று எதையும் சொல்ல மாட்டேன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலி, நல்லூருக்குப் பக்கத்து ஊர். 1974-இல் தொடங்கிய யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் அங்கேதான் இருக்கிறது.

வேதபட்டர் காயப்போட்ட நெல்லை மழை நனைக்காதபடி சிவபெருமான் வேலியிட்டுக் காத்தார் என்கிறது உங்கள் ஊர்த் தலபுராணம். தாமிரபரணி பாயும் மண்ணுக்கு நெல்லால் பெயர் வந்ததில் வியப்பில்லை. யாழ்ப்பாணத்திலோ வற்றாத ஆறே கிடையாது. கிணற்று நீரை இறைத்துத்தான் செம்மண்ணில் தோட்டம் செய்கிறார்கள். காய்கறி வாங்க வேண்டுமென்றால், யாழ்ப்பாணத்தில் பலரும் கிளம்புவது திருநெல்வேலிச் சந்தைக்கு!

எனக்கு இதில் மிகவும் பிடித்தது வேறொன்று. எழுதும்போது திருநெல்வேலி, வாய்ப்பேச்சில் இரண்டு கரையிலும் அது ‘தின்னவேலி’! நடுவில் கடல் கிடந்தும், பெயரைச் சுருக்குவதில்கூட நாக்கு ஒரே வழியில்தான் போயிருக்கிறது. அல்வா மட்டும் உங்கள் பக்கம் நின்றுவிட்டது. யாழ்ப்பாணம் போனால் ஒரு பெட்டி வாங்கிப்போய், அந்தத் தின்னவேலிக்காரர்களுக்குக் கொடுங்கள்.