புளியும் புலியும்

மிருகக்காட்சி சாலைக்குப் போவதென்று எங்கள் வீட்டில் முடிவானால் முதலில் பேசப்பட்டது புலி அல்ல, புளி. வண்டலூர் பூங்கா திறந்த புதிது அது. 1985 ஜூலையில் எம்.ஜி.ஆர். திறந்து வைத்திருந்தார். அத்தை முந்தின இரவே புளிக்காய்ச்சலை இறக்கிவிட்டு, தயிர்சாதத்துக்கு எவ்வளவு பால் ஊற்றினால் மதியம் வரை புளிக்காது என்று அம்மாவுடன் வாதாடிக்கொண்டிருப்பாள். சிங்கம், புலி, கரடி பற்றி யாருக்கும் கவலை இல்லை. அவை எங்கே போய்விடப் போகின்றன?

அப்பாவின் பங்கு ஒரு தபால் அட்டை. காஞ்சிபுரம் சித்தப்பாவுக்கு, 'ஞாயிறு காலை எட்டு மணி, தாம்பரம் ஸ்டேஷன் வாசல்' என்று எழுதிப் போட்டார். பதில் வரவில்லை. சித்தப்பா வந்தார், குடும்பத்தோடு, ஒரு தூக்கு எலுமிச்சை சாதத்தோடு. அங்கிருந்து பஸ்.

வண்டலூர் பிடிக்காத ஒரே ஆள் பாட்டி. அவளுக்கு மிருகக்காட்சி சாலை என்றால் சென்ட்ரல் பக்கத்தில், மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்த உயிர் காலேஜ்தான். (எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ். 1855இல் எட்வர்ட் பால்ஃபோர் அந்த மியூசிய வளாகத்தில் ஆரம்பித்ததுதான் பிற்பாடு உயிர் காலேஜாக இடம் மாறியது என்பது பாட்டிக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அதையும் ஒரு குறையாகச் சொல்லியிருப்பாள்.) அங்கே கம்பிக்கு அந்தப் பக்கம் சிங்கம், இந்தப் பக்கம் நாம். அது கொட்டாவி விட்டால் பல்லை எண்ணலாம். நாலடி நடந்து திரும்பி, மறுபடி நாலடி நடந்துகொண்டே இருக்கும். பாவம்தான். ஆனால் நன்றாகத் தெரியும்.

வண்டலூரில் கம்பி இல்லை. அகழி. அகழிக்கு அப்பால் புதர். புதருக்குள் புலி இருப்பதாகப் பலகை சொன்னது. மிருகங்கள் காலாற நடக்கட்டும் என்றுதான் ஊரைவிட்டுத் தள்ளி, காப்புக்காட்டில் இவ்வளவு பெரிய இடம் கொடுத்தார்கள். இன்றைக்கு அது ஏறத்தாழ 600 ஹெக்டேர். புலி அந்த வசதியை முழுசாக அனுபவித்துக்கொண்டு எங்கள் கண்ணில் படாமல் படுத்திருந்தது. "டிக்கெட் வாங்கிண்டு செடி கொடி பார்க்கவாடா கூட்டிண்டு வந்தே?" என்று பாட்டி அப்பாவைக் கேட்டாள். நியாயம் புலியின் பக்கம் என்று இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் பாட்டி கட்சி. மரத்தடியில் இலையைப் பிரித்ததும் கட்சி கலைந்துவிட்டது.

இப்போது என் அண்ணன் மகன் அதே வண்டலூருக்குத் திட்டம் போடுகிறான். வாட்ஸ்அப்பில் தனிக் குழு. வானிலை, ஜி.எஸ்.டி. சாலை நெரிசல், கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தைத் தாண்ட ஆகும் நேரம் எல்லாம் ஒரு எக்செல் தாளில் ஏறிவிட்டன. 9.40க்கு வெள்ளைப்புலி. 10.15க்கு பறவைக்கூண்டு. வெயிலுக்கு முன் பேட்டரி வண்டி. புலியின் சம்மதம் ஒன்றுதான் பாக்கி.

"சித்தப்பா, சாப்பாட்டைப் பத்திக் கவலைப்படாதீங்க, வெளியில பாத்துக்கலாம்" என்றான். அப்படியானால் எதற்குப் போகிறோம் என்று கேட்க நினைத்து விட்டுவிட்டேன். அத்தை இருந்திருந்தால் குழுவை விட்டு வெளியேறியிருப்பாள்.

எந்தக் கிழமை போவது என்பதில்தான் இழுபறி. சனிக்கிழமை ஒருத்திக்குப் பாட்டு வகுப்பு, ஞாயிறு ஒருவனுக்கு அமெரிக்காவோடு மீட்டிங். ஓட்டெடுப்பு வைத்தார்கள். ஒவ்வொரு ஓட்டுக்கும் கட்டைவிரல், சிரிப்பு, யானைப் படம். இடையில் ஒருவர் இறந்துபோன தூரத்து உறவுக்கு அஞ்சலி போட, அதற்கும் யாரோ யானையைத் தட்டிவிட்டார்கள். கடைசியில் பெருவாரியாக ஒரு கிழமை ஜெயித்தது. வாரநாள், கூட்டமே இருக்காது என்று அண்ணன் மகன் விளக்கம் சொன்னான். எல்லோரும் ஆபீசில் லீவும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

ஜெயித்தது செவ்வாய்க்கிழமை. கூட்டம் இருக்காது என்பது சரிதான். வண்டலூர் பூங்காவுக்குச் செவ்வாய்க்கிழமை வார விடுமுறை.