லெ ழாந்தீலும் வெள்ளியும்

கேள்வி: வெள்ளி சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரிக்குப் புறப்பட்ட பிரெஞ்சு வானியலாளர் லெ ழாந்தீல் அதைக் கண்டாரா?

பதில்: 1761இல் கண்டார், அளக்க முடியவில்லை, 1769இல் அளக்க ஆயத்தமாயிருந்தார், காண முடியவில்லை. பூமியின் வெவ்வேறு இடங்களிலிருந்து நோக்கினால் வெள்ளியாகிய கரும்புள்ளி சூரிய வட்டில் சற்று விலகித் தெரியும் என்பதால், 'இடமாறு தோற்றம்' எனப்படும் இவ்விலகலைக் கொண்டு சூரியனின் தொலைவைக் கணக்கிடலாம் என்று 1716இல் ஆங்கிலேய வானியலாளர் ஹாலி விளக்கியிருந்தார். முதல் கடப்பின்போது புதுச்சேரி ஆங்கிலேயர் வசமாகிவிட்டதால், லெ ழாந்தீல் நடுக்கடலில் ஆடும் கப்பலிலிருந்தே நோக்க நேர்ந்தது; அங்கே ஊசல் கடிகாரம் ஓடாது, நிற்கும் இடத்தின் தீர்க்கரேகையும் துல்லியமாகத் தெரியாது. எட்டாண்டு காத்திருந்து, புதுச்சேரியின் இடிந்த கோட்டையில் ஆய்வகம் எழுப்பியும், உரிய காலையில் மேகம் மூடி, கடப்பு முடிந்த பிறகே வெயில் எறித்தது. அடுத்த கடப்போ 1874இல்! எனினும் அவர் வெறுங்கையோடு திரும்பவில்லை: தமிழ்க் கணிதர்களிடம் கற்ற கிரகணக் கணக்குமுறையைத் தம் பயண நூலில் பதிந்துவைத்தார், வானியல் வரலாற்றுக்கு அது அரிய கொடை.