உப்பு டப்பாவில் இனிப்பு

பெறுநர்: இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையம், புது தில்லி.
பொருள்: குஜராத்தியிலிருந்து இந்திக்கு உணவு மொழிபெயர்ப்பாளர் தேவை.

குஜராத்தியில் உப்புக்குப் பெயர் 'மீட்டு'. இந்தியில் 'மீட்டா' என்றால் இனிப்பு. நிலக்கடலை குஜராத்தியில் 'சிங்'. ஏறக்குறைய அதே ஓசை இந்தியில் விலங்கின் கொம்பு. வெல்லம் அங்கே 'கோள்'. இந்திக்கு ளகரம் கிடையாது. 'கோல்' என்று வாசித்தால் உருண்டை. எழுத்தின் தலையில் ஒரு கோடு இழுத்துவிட்டால் குஜராத்தி இந்தியாகிவிடும் என்ற நம்பிக்கை பரவலானது. பங்காளி மொழிகள்தான், பங்காளிகளுக்குள்தான் வில்லங்கமும் அதிகம்.

2020ஆம் ஆண்டின் லேபிள் ஒழுங்குமுறைப்படி, பொட்டலத்தின் விவரங்கள் ஆங்கிலத்திலோ தேவநாகரி இந்தியிலோ இருக்க வேண்டும். வேறு மொழியைக் கூடுதலாகச் சேர்க்கலாம். அது முதல் மொழியோடு முரண்படக் கூடாது. முரண்படாமல் பார்த்துக்கொள்ளும் ஆளுக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பதில் மட்டும் ஆணையம் காக்கும் அடக்கம் மெச்சத்தக்கது.

இந்தி லேபிளுக்குச் சென்னை மாதவரத்தில் வாசகர் இல்லை என்று நினைக்க வேண்டாம். 200 அடிச் சாலைக் கிடங்குகளில் மூட்டை இறக்குபவர்களில் பீகார்காரர்கள் உண்டு. நிலக்கடலை அரைத்துச் சேர்த்த மசாலாப் பொட்டலம் ஒன்று ராஜ்கோட்டிலிருந்து அங்கே வந்து இறங்குவதாக வைத்துக்கொள்வோம். முன்பக்கம் சைவ உணவுக்கான பச்சைப் புள்ளி. பின்பக்கம், கட்டாயமான ஒவ்வாமை எச்சரிக்கையில், 'கொம்பு கலந்தது'. பொருள்பட்டியலில் இனிப்பு ஐந்து கிராம். நாக்கில் வைத்தால் கரிக்கும். கடலை ஒத்துக்கொள்ளாத தொழிலாளி தாராளமாகச் சாப்பிடுவார். கொம்பு அவருக்கு ஒத்துக்கொள்ளாது என்று எந்த டாக்டரும் சொன்னதில்லையே.

ஆணையத்துக்கு மொழியில் அக்கறை இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. ஆவினின் பால் பண்ணை ஒன்று இருப்பது இதே மாதவரத்தில்தான். 2023 மார்ச்சில் ஆவின் போன்றோரின் தயிர்ப் பாக்கெட்டில் 'தஹி' என்று அச்சிட்டு, தயிரை அடைப்புக்குறிக்குள் உட்காரவைக்கலாம் என்று ஆணையம் வழிகாட்டியது. கன்னடத்து மொசருக்கும் தெலுங்குப் பெருகுக்கும் அதே மரியாதை. அன்றைய தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலின் உள்ளிட்டோர் எதிர்க்கவே, மார்ச் 30 அன்று ஆணையம் இறங்கி வந்தது: 'கர்ட்' என்று போட்டு, பக்கத்தில் உள்ளூர்ப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம். குஜராத்தியிலும் இந்தியிலும் தயிர் 'தஹி'தான். ஆக, மொழிபெயர்ப்பாளரே வேண்டாத சொல்லுக்காகத் தென்னாடு முழுவதையும் ஒரு சுற்று சுற்றிவந்திருக்கிறது ஆணையம். உப்பும் கடலையும் இன்னும் வரிசையில் நிற்கின்றன.

ஆள் கிடைப்பது கடினமில்லை. குஜராத்தி வீட்டில் 'ஷாக்' என்றால் சமைத்த காய்கறி. இந்திக்காரருக்கு 'ஸாக்' கீரை. இந்தி இலக்கியப் பட்டம் இதைச் சொல்லித்தராது. சௌகார்பேட்டையில், பிறந்த வீடு குஜராத்தியும் புகுந்த வீடு இந்தியுமாகச் சமைக்கும் பெண்மணி அடுப்பிலிருந்து திரும்பாமலே சொல்லிவிடுவார்.

தேர்வுக்குச் செலவும் குறைவு. மாதவரம் டீக்கடை ஒன்றில் இரண்டு டப்பாக்களை வைத்து, ஒன்றின் மேல் குஜராத்தியில் 'மீட்டு' என்று எழுதி ஒட்டினால் போதும். விண்ணப்பித்தவர் தன் டீயைத் தானே கலக்கிக்கொள்ள வேண்டும். கலக்கியதை, தேர்வு நடத்த வந்த அதிகாரி குடித்துப் பார்க்க வேண்டும்.