யாருமே சிரிக்காத ஞாயிற்றுக்கிழமை

உலகத்திலேயே பேர்போன ஞாயிற்றுக்கிழமை சிகாகோவில், ஆர்ட் இன்ஸ்டிட்யூட் சுவரில் தொங்குகிறது. அகலம் பத்தடி, உயரம் ஏழடிக்குச் சற்றுக் குறைவு. பாரிஸை ஒட்டி, சேன் நதிக்கு நடுவே கிராண்ட் ஜாத் என்றொரு தீவு. 1884-இல் அங்கே பொழுதுபோக்க வந்த கூட்டத்தை ஜார்ஜ் சூரா வரைந்த படம் அது. மரநிழல், படகு, குடை, நாய், தூண்டில் போடும் சீமாட்டி, போதாக்குறைக்குக் கயிறு கட்டிய ஒரு குரங்கு. எல்லாம் உண்டு, சிரிப்பு மட்டும் மருந்துக்கும் கிடையாது. கல்யாண வீட்டில் போட்டோக்காரர் "ஆடாம நில்லுங்க" என்று சொல்லிவிட்டு ஃபிலிம் வாங்கக் கடைக்குப் போய்விட்டால் எப்படி நிற்பார்களோ, அப்படி நிற்கிறார்கள்.

வலது ஓரத்து அம்மணியைப் பாருங்கள். பாவாடையின் பின்புறம் ஒரு காபி டம்ளரை வைத்தால் சிந்தாது. அன்றைய ஃபேஷன் அப்படி. பக்கத்தில் உயரத் தொப்பியும் சுருட்டுமாக ஒரு கனவான். இருவரும் ஆற்றைப் பார்க்கிறார்கள். ஆறு ஏதோ பாக்கி தரவேண்டும் போலிருக்கிறது முகம். இடது மூலையில் கையில்லாத பனியனோடு பைப் பிடித்துக்கொண்டு ஒருவன் காலை நீட்டிச் சாய்ந்திருக்கிறான். லீவு என்றால் என்னவென்று அந்தத் தீவில் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

வரைந்தவருக்கு நிச்சயமாகத் தெரியாது. சூரா எப்போதும் டிப்டாப்பாக உடுத்துவார். அதைப் பார்த்து ஓவியர் தெகா அவருக்கு 'நோட்டரி' என்று பட்டப்பெயர் வைத்தார். குடும்பமும் விசேஷமானது. அப்பா ஊருக்கு வெளியே தனியாக இருந்தார்; செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் வீட்டுக்கு வந்து சாப்பிடுவார். ஒரு கை கிடையாது. செயற்கைக் கையின் நுனியில் கத்தியைத் திருகிக்கொண்டு இறைச்சியை வெட்டித் தள்ளுவாராம். பந்தியில் உட்கார்ந்திருந்த நண்பர் சின்யாக் அரண்டுபோயிருக்கிறார். இப்படிப்பட்ட வீட்டுப் பிள்ளை ஞாயிற்றுக்கிழமையையும் ஆய்வுக்கூடத்துக்குத் தூக்கிப்போனதில் ஆச்சரியமில்லை.

இரண்டு வருடம் அந்தப் படத்தோடு மல்லுக்கட்டினார். சின்னதும் பெரியதுமாக ஏறக்குறைய 60 முன்னோட்டங்கள். கரையில் புல் வளர்ந்து படகை மறைத்தபோது இவர் குறைப்பட்டுக்கொண்டார். படகையே விட்டுவிடுவாரோ என்று கூட இருந்த ஓவியர் ஆங்கிரான் போய்ப் புல்லை வெட்டிக் கொடுத்தார்.

நிறத்திலும் அதே பிடிவாதம். சாயப்பட்டறை வேதியியலாளர் ஷெவ்ரல் 1839-இலேயே எழுதிவைத்திருந்தார்: ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பது பக்கத்தில் எந்த நிறம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. சூரா அதை வேதவாக்காக எடுத்துக்கொண்டு, வண்ணத்தைத் தட்டில் குழைக்காமல் துணியில் புள்ளி புள்ளியாக வைத்தார். கலப்பது பார்க்கிறவன் கண்ணின் பொறுப்பு. ஓவியர் பாதி வேலையை ரசிகனுக்கே தள்ளிவிட்டது அநேகமாக அதுதான் முதல் தடவை.

இதற்கு முன்பே, தீவுக்கு எதிர்க்கரையில் அஸ்னியேரில் குளிப்பவர்களை அதே பிரம்மாண்டத்தில் வரைந்திருந்தார். சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கும் சாதாரண ஆட்கள். பின்னால் கிளிஷி ஆலைகளின் புகை. 1884-இல் அரசாங்க மரியாதை பெற்ற சலோன் கண்காட்சி அதை நிராகரித்தது. போட்டிக்கு ஆரம்பித்த சங்கத்தார் ஏற்றுக்கொண்டு, மதுபானம் விற்கும் இடத்தில் மாட்டினார்கள். ஓய்வைப் பற்றிய படத்துக்கு அதைவிடப் பொருத்தமான சுவர் கிடைத்திருக்காது.

அந்த ஆட்கள் என்றைக்குக் குளிக்கிறார்கள் என்று படத்தில் இல்லை. திங்களாகவும் இருக்கலாம். அன்றைய பாரிஸ் தொழிலாளிக்குப் 'புனிதத் திங்கள்' என்று சொந்தமாக ஒரு பண்டிகை இருந்தது. ஞாயிற்றுக்கிழமை குடித்ததைத் திங்களன்று இறக்குவதுதான் சடங்கு. ஞாயிறு வேலை கூடாதென்று 1814-இல் மன்னராட்சி போட்ட சட்டம் ஏட்டில் இருந்தது. 1880-இல் குடியரசுக்காரர்கள் அதை ரத்து செய்தார்கள். மாதாகோயிலின் கை ஓங்கக்கூடாது என்பது அவர்கள் கொள்கை. பாதிரியாரைத் துரத்துகிற வேகத்தில் லீவையும் சேர்த்துத் துரத்திவிட்டார்கள். ஆக, சூரா அந்த மகத்தான ஞாயிற்றுக்கிழமையை வரைந்தபோது, பிரான்ஸில் தொழிலாளிக்குச் சட்டப்படி ஞாயிறு லீவே கிடையாது.

1886 மே மாதம் இம்ப்ரெஷனிஸ்டுகளின் எட்டாவது, கடைசிக் கண்காட்சிக்குப் படம் வந்தது. மோனே, ரெனுவார், சிஸ்லி மூவரும் அந்தப் பக்கமே வரவில்லை. ஆல்ஃபிரட் ஸ்டீவன்ஸ் என்ற மூத்த ஓவியர் மட்டும் விடாமல் வந்தார், ரசிப்பதற்கல்ல. டோர்டோனி காபிக்கடையில் உட்கார்ந்திருந்த சகாக்களைத் தவணை தவணையாகக் கூட்டிவந்து, "தெகா எவ்வளவு கேவலமான சகவாசத்தில் மாட்டிக்கொண்டான் பாருங்கள்" என்று காட்டினார். வாசலில் காசை விட்டெறிவார், மீதிச் சில்லறைகூட வாங்கமாட்டார். கண்காட்சிக்கு அந்த வருடம் அவரைவிட நல்ல புரவலர் இருந்திருக்க முடியாது.

வராதவர்களில் ஒருவரான ரெனுவார் ஓய்வை வேறு தினுசில் வரைந்தவர். 1880-81-இல் ஷாட்டூவில் ஆற்றோர ஓட்டல் மாடியில் நண்பர்களை உட்காரவைத்துத் தீட்டிய படகுச் சவாரி விருந்தைப் பாருங்கள்: பாட்டில் பாதி காலி, கன்னமெல்லாம் சிவப்பு, பேச்சுச் சத்தம் சட்டத்தைத் தாண்டிக் கேட்கிறது. நாய்க்குட்டியைக் கொஞ்சும் பெண் அலீன்; பின்னால் ரெனுவார் மனைவியே ஆனார். ஆனால் எல்லோரும் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்த பிறகும் மாதக்கணக்கில் தூரிகையைப் பிடித்துக்கொண்டு நின்றவர் அவர்தான். அடுத்தவன் லீவை வரைகிறவனுக்கு லீவு கிடையாது. இந்த விஷயத்தில் மட்டும் ரெனுவாருக்கும் சூராவுக்கும் ஒற்றுமை.

1891-இல் 31 வயதில் திடீர்க் காய்ச்சலில் சூரா போய்ச் சேர்ந்தார். சாவதற்கு இரண்டு நாள் முன்புதான், தமக்கு ஒரு துணைவியும் குழந்தையும் இருப்பதை வீட்டாருக்குக் காட்டினார்; ரகசியத்திலும் நோட்டரிதான். இறந்த தேதி மார்ச் 29, ஈஸ்டர் ஞாயிறு. அவர் எடுத்த முதல் முழு லீவு அதுவாகத்தான் இருக்கவேண்டும்.

தொழிலாளிக்கோ சட்டப்படியான லீவு இன்னும் வரவில்லை. 1906 மார்ச்சில் பிரான்ஸின் கூரியேர் நிலக்கரிச் சுரங்கம் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். வேலைநிறுத்தங்கள் பரவின. அதன் பிறகே, அந்த வருடம் ஜூலை 13-ஆம் தேதி, வாரத்துக்கு ஒரு நாள் ஓய்வு, அதுவும் ஞாயிற்றுக்கிழமை, என்று பிரான்ஸில் சட்டம் வந்தது. புள்ளி புள்ளியாக வைத்தும் சூரா இரண்டு வருடத்தில் முடித்த ஞாயிற்றுக்கிழமையை, ஒரே கையெழுத்தில் போட்டிருக்கக்கூடிய அரசாங்கம் 1880-இலிருந்து 26 வருடம் இழுத்தது.