கொதிநிலை மகாத்மியம்

என்ஜினுக்குப் பெரிய டர்போவும், சக்கரங்களுக்குத் துளையிட்ட டிஸ்க்குகளும், காலிப்பர்களுக்கு இரத்தச் சிவப்பு வர்ணமும் அணிவித்துத் தமது காருக்குப் புனர்ஜென்மம் அளித்த நண்பர் ஒருவர், அதற்குகந்த பிரேக் ஆயிலைத் தேர்ந்தெடுக்கும் மகத்தான கைங்கரியத்தில் இறங்கினார். 205 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடிய டாட் 3-ஐப் பாமரருக்கு உரியதென விலக்கி, 230 தாங்கும் டாட் 4-ஐக் குமாஸ்தாக்களுக்கு விட்டுக்கொடுத்து, 260 தாங்கும் 5.1-ஐயும் அரைமனத்துடன் பரிசீலித்து, முடிவில் 300-க்கு மேலும் நிர்விகாரமாய் நிற்கும் பந்தயத் திரவத்தையே வரித்தார். தீர்க்கதரிசனம் என்பது இதுவன்றோ! காலை ஒன்பது மணிக்குக் கிண்டியிலிருந்து சைதாப்பேட்டை வரை மாநகரப் பேருந்தின் பின்புறத்தை நோக்கித் தவமியற்றும் வாகனத்துக்கு, இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தளத்தின் அக்கினிப் பரீட்சை எந்தக் கணத்தில் நேருமென்று யாரே அறிவார்?

இத்திரவங்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சும், 3.7 சதவிகிதம் நீர் சேர்ந்ததும் டாட் 4-இன் உத்தரவாதம் 155 டிகிரிக்கு இறங்கிவிடும், ஆகையால் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுவது உத்தமம் என்னும் அற்ப விஷயங்களில் அவர் சிரத்தை கொள்ளவில்லை.

சென்ற வாரம் மெக்கானிக் மூடியைத் திறந்தார். “சார், உள்ள இன்னும் கம்பெனியில ஊத்துன ஆயில்தான் இருக்கு, டிகாஷன் மாதிரி கறுத்துப் போச்சே!”

நண்பர் சஞ்சலமடையவில்லை. பந்தயத் திரவம் வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் க்ஷேமமாக இருக்கிறது. விருந்தினர்க்கெல்லாம் மூடியைத் திறந்து அதன் தெளிவைத் தரிசனம் செய்விக்கிறார். இப்போது, இன்னும் பெரிய டர்போவுக்கு முன்பணம் கட்டியிருக்கிறார்.