டெவலப்பர் அபிப்பிராயம்: விளையும் நிலமும் இறுகும் விதமும்

டெவலப்பரின் அபிப்பிராயம் என்பது, நிரல் எழுதிச் சம்பளம் வாங்கும் ஒருவர், யாரும் கேட்காத ஒரு பொருளைப் பற்றி வழங்கத் தயாராக வைத்திருக்கும் இறுதித் தீர்ப்பு. அதில் ஐயம் கலந்திருந்தால் அது அபிப்பிராயம் ஆகாது. பக்குவம் என்ற வேறு தலைப்பில் ஆராயத்தக்கது. பொருள் எவ்வளவு சிறியதோ, பிடிப்பு அவ்வளவு இறுகும் என்பது இதன் முதல் இலக்கணம்.

இந்த இலக்கணம் டெவலப்பர்களுக்கு முன்பே வகுக்கப்பட்டது. நார்த்கோட் பார்க்கின்சன் 1957-இல் வெளியிட்ட நூலில் ஒரு நிதிக்குழு அணு உலைக்கு இரண்டரை நிமிடத்தில் ஒப்புதல் தருகிறது; சைக்கிள் கொட்டகைக்கு முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுகிறது. அணு உலை யாருக்கும் புரியாது, கொட்டகை எல்லோருக்கும் புரியும். 1999-இல் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளக் குழுவில், ‘ஸ்லீப்’ என்ற கட்டளை அரை வினாடி, கால் வினாடி என்று பின்னக் கணக்கிலும் தூங்கலாமா என்ற சர்ச்சை எழுந்தபோது பவுல்-ஹென்னிங் காம்ப் இந்தக் கொட்டகையை நினைவூட்டினார். வீண் விவாதத்துக்கு ‘பைக்‌ஷெட்டிங்’ என்ற பெயர் அதன்பின் துறையில் நிலைத்தது. பெயர் கிடைத்ததால் விவாதம் குறையவில்லை. நடப்பது பைக்‌ஷெட்டிங்தானா என்ற விவாதம் கூடுதலாகச் சேர்ந்தது.

துறையில் கிடைக்கும் ஆகச் சிறிய பொருள், வரியின் தொடக்கத்தில் விடப்படும் வெற்றிடம். அதை டேப் விசையால் விடுவதா, ஸ்பேஸ் விசையால் விடுவதா? திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆகவே கண்ணுக்குத் தெரியாத வேறுபாட்டுக்காக நடக்கும் சண்டை என்ற வகையில் இதைச் சமயவியலோடு சேர்த்துப் படிப்பதே முறை. பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மேன் 1976-இல் நிரலைத் தொகுத்துத் தரும் ‘மேக்’ என்ற கருவியை எழுதியபோது கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும் என்று வைத்தார். சில வாரங்களில் அது சரியில்லை என்று தெரிந்தது. ஆனால் அதற்குள் ஒரு டஜன் பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொல்லை தர மனமில்லாமல் அப்படியே விட்டுவிட்டார். அந்தப் பன்னிரண்டு பேரின் நிம்மதிக்காக இன்றும் உலகில் யாரோ ஒருவர், ‘மிஸ்ஸிங் செபரேட்டர்’ என்று திரை சொல்வதைப் பார்த்து, எதுவும் குறையாத ஒரு வரியை உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பைத்தானின் நடை வழிகாட்டி நான்கு ஸ்பேஸ் என்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் கருவான கெர்னலின் வழிகாட்டி எட்டு எழுத்து அகல டேப் என்கிறது. போதாததற்கு, குனு திட்டத்தின் நடை விதிகளை அச்சிட்டு, படிக்காமலேயே கொளுத்திவிடவும் பரிந்துரைக்கிறது. 2009-இல் அறிமுகமான கோ மொழி, நிரலை டேப் வைத்து ஒழுங்குபடுத்தும் கருவியைத் தானே தந்து வழக்கை முடித்துவைத்தது. வேலையிழந்த வாதிகள், ஒரே நிரலைப் பல தரவு வகைகளுக்கும் எழுத உதவும் ஜெனரிக்ஸ் அம்மொழியில் இல்லாததைப் பற்றிப் பேசினார்கள். 2022-இல் அது வந்தது. வந்திருக்க வேண்டாம் என்று பேசினார்கள்.

மொழிகள் பற்றிய அபிப்பிராயம் சற்றுப் பெரிய பொருளைப் பற்றியது. ஆகவே அங்கே ஓரளவு உண்மையும் கலந்திருக்கும். சி மொழியில் விடுவித்த நினைவகத்தையே மறுபடி தொட்டுவிடலாம், கம்பைலர் கண்டுகொள்ளாது. ரஸ்ட்டில் எந்தத் தரவு யாருக்குச் சொந்தம் என்று கம்பைலரே கணக்குப் பார்த்துத் தடுத்துவிடும். கவனமாக எழுதினால் போதும் என்பது சி-காரரின் நிலைப்பாடு. அப்படிக் கவனமாக எழுதிய ஒருவரை இன்னும் காட்டவில்லை என்பது ரஸ்ட்-காரரின் மறுப்பு. 2022 டிசம்பரில் வந்த லினக்ஸ் கெர்னல் 6.1 இரு சாராரையும் ஒரே கூரையின்கீழ் குடிவைத்தது. குடித்தனம் சுமுகம் என்று சொல்வதற்கில்லை. ஜாவாஸ்கிரிப்டைப் பற்றி மட்டும் எல்லாத் தரப்பும் ஒரே வாக்கியத்தைச் சொல்லும்: 1995-இல் பிரெண்டன் ஐக் அதைப் பத்து நாளில் செய்தார். லாகின் பக்கம் ஒன்றை இரண்டு ஸ்பிரிண்ட்டாக இழுத்தடிப்பவரும் இதை இளக்காரமாகவே சொல்வது ஆய்வுக்குரியது. பெரிய பொருளிலும் சண்டை சிறிய இடத்தைத் தேடிப் போகும் என்பதற்குச் சான்று பைத்தான். முக்காற்புள்ளியும் சமக்குறியும் சேர்ந்த ஒரு புதுக் குறியீட்டை ஏற்பதில் எழுந்த கசப்பில், மொழியைப் படைத்த கைடோ வான் ரோசம் 2018 ஜூலையில் தலைமையிலிருந்தே விலகினார். குறியீடு மொழியில் இருக்கிறது.

டெஸ்க்டாப் லினக்ஸுக்கு வரும்போது அபிப்பிராயம் திணை மாறுகிறது. மொழிச் சண்டை மருதம். அதன் உரிப்பொருள் ஊடல். டெஸ்க்டாப் லினக்ஸ் சந்தேகமின்றி முல்லை. உரிப்பொருள் இருத்தல், அதாவது வருவான் என்று காத்திருத்தல். இங்கே தலைவன் வரும் பொழுது கார்காலம் அல்ல, ஜனவரி. ஒவ்வோர் ஆண்டும் ‘இதுதான் லினக்ஸ் டெஸ்க்டாப்பின் ஆண்டு’ என்று தோழி தேற்றுவாள். வினைமேற்சென்ற தலைவன் மற்ற களங்களில் எல்லாம் வென்றுவிட்டான் என்பதுதான் இத்திணையின் சோகம்: 2017 நவம்பர் முதல் உலகின் முதல் 500 சூப்பர் கம்ப்யூட்டர்களும் லினக்ஸ், ஆண்ட்ராய்டு போனுக்குள் இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். வீட்டுக்கு மட்டும் வரவில்லை. 2022-இல் லினக்ஸில் இயங்கும் ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி விற்பனைக்கு வந்தபோது தேர்மணி கேட்டதாகப் பலர் எழுந்து வாசலுக்குப் போனார்கள்.

தாமதத்துக்குக் காரணம் காத்திருப்போருக்குள்ளேயே உண்டு. 1996-இல் மத்தியாஸ் எட்ரிச் கேடிஈ என்ற டெஸ்க்டாப் திட்டத்தைத் தொடங்கினார். அது நம்பியிருந்த க்யூடி நூலகத்தின் உரிமம் முழுச் சுதந்திரமானதல்ல என்று 1997-இல் க்னோம் என்ற போட்டி டெஸ்க்டாப் பிறந்தது. க்யூடியின் உரிமம் பிறகு திருந்தியது. இரண்டு டெஸ்க்டாப்பும் இரண்டாகவே இருந்தன. 2011 ஏப்ரலில் வெளியான க்னோம் 3, கீழ்ப்பட்டையை எடுத்தது. சாளரத்தைச் சுருக்கும் மினிமைஸ் பொத்தானையும் எடுத்தது. பொத்தானைத் திரும்ப வைத்துக்கொள்ள ஓர் அமைப்புமாற்றம் போதும். ஆனால் பழைய க்னோமைப் பிரித்தெடுத்து மாட்டே என்றொரு டெஸ்க்டாப்பும், புதிய க்னோமை வளைத்து சின்னமன் என்றொரு டெஸ்க்டாப்பும் எழுந்தன. அதே ஆண்டு உபுண்டு என்ற லினக்ஸ் வெளியீடு தன் பங்குக்கு யூனிட்டி என்ற ஒன்றை முன்னிறுத்தி, 2017-இல் க்னோமுக்கே திரும்பியது. ஒற்றுமை என்று பெயர் வைத்தவர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று சொல்ல முடியாது.

களத்தில் டெஸ்க்டாப் லினக்ஸ்-காரரை அடையாளம் காண்பது எளிது. மீட்டிங் அறையில் எல்லோரும் வந்தமர்ந்த பின், எச்டிஎம்ஐ கேபிளைச் செருகி, கழற்றி, மறுபடி செருகி, கறுப்புத் திரையின்முன் டெர்மினலைத் திறந்து, திரையைச் சரிசெய்யும் ‘எக்ஸ்ரேண்டர்’ கட்டளையைத் தட்டுபவர் ஆய்வுக்கு உகந்த மாதிரி. அவர் முகத்தில் கலவரம் இராது. டிரைவர் தராத கம்பெனியின் தப்பு என்பார், அது பெரும்பாலும் உண்மையே. பக்கத்தில் இருப்பவர் தம் விண்டோஸ் லேப்டாப்பை நீட்டினால் இரண்டு நிமிடம் பொறுக்கச் சொல்வார்.

அபிப்பிராயத்தின் ஆயுளைப் பொறுத்தவரை, வாதத்தால் அது கரைந்ததாகத் தெரியவில்லை; எதிர்வாதம் அதற்கு உரம். வேறு மொழியில் எழுதும் கம்பெனி கூடுதல் சம்பளத்தோடு அழைத்தால் பழைய மொழியைப் பற்றிய பக்தி நோட்டீஸ் காலத்துக்குள் தணிந்துவிடுகிறது. லினக்ஸ் பற்றியது சற்று நின்று தாங்கும். அலுவலகம் மேக்புக் கொடுத்தாலும், அதற்குள்ளும் டெர்மினல் இருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொள்ளும். மேனேஜராகப் பதவி உயர்ந்தவரிடம் எஞ்சுவது எக்ஸெல்லைப் பற்றிய அபிப்பிராயம் மட்டுமே. அது பொதுவாக நல்ல அபிப்பிராயமாகவே இருக்கிறது.