லேசான கேம், கனமான பில்

"லேப்டாப் ஆபீஸ் வேலைக்குத்தாம்பா, அப்பப்ப லேசா கேம்." சங்கராபுரம் பையன் அப்பாவிடம் இப்படித்தான் ஆரம்பிப்பான். கடைக்குப் போனதும் வரிசை தலைகீழாகிவிடும்.

2011 செப்டம்பர் 15-இல் ஜெயலலிதா தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் இந்தக் குழப்பமெல்லாம் இல்லை. மூடியில் முதல்வர் படம், உள்ளே 2 ஜிபி ராம். படிக்கத்தான் கொடுத்தார்கள், பிள்ளைகள் அதில் ஜிடிஏ வைஸ் சிட்டி ஓட்டினார்கள். 2002-இல் வந்த ஆட்டம், அதற்கு அதுவே தாராளம்.

இப்போது ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் சிப்புக்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறார்கள். அதே பெயருள்ள சிப் ஒரு லேப்டாப்பில் 35 வாட்டில் முனகும், இன்னொன்றில் 115 வாட்டில் உறுமும். ஸ்டிக்கரில் பெயர் மட்டும்தான் மின்னும். உறுமுகிற ரகத்தை ஆன்லைன் மீட்டிங்கில் திறந்தால், "பின்னாடி என்னங்க, நெல் அறுக்கிற மிஷினா?" என்று மேனேஜர் கேட்பார். சார்ஜர் இல்லாமல் வெள்ளிமலைக்குத் தூக்கிப்போய் ஆட உட்கார்ந்தால் ஆட்டம் முடிவதற்குள் பேட்டரி முடிந்துவிடும்.

எக்செல்லும் கொஞ்சம் வேலரன்ட் கேமும்தான் என்றால் தனி கிராபிக்ஸ் கார்டே வேண்டாம். பிராசசருக்கு உள்ளேயே இருக்கும் கிராபிக்ஸ், லேப்டாப்பின் ராமைத்தான் பங்குபோட்டுக்கொள்கிறது. அதனால் ஒற்றை 8 ஜிபிக்குப் பதில் இரண்டு 8 ஜிபி போடச் சொல்லுங்கள். மிச்சப் பணம் எவ்வளவு என்று அப்பாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.